பாடத்திட்டம் பிறக்கும் வழி

வகுப்பறையில் பேராசிரியர் நடத்தும் பாடம் எங்கிருந்து வந்தது என்று மாணவர் கேட்பதில்லை. கட்டணம் செலுத்தும் பெற்றோரும் கேட்பதில்லை. என்றும் இருந்து வருவதொன்று என்றே எண்ணிக்கொள்கிறோம். ஆனால் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு பிறப்பு வரலாறு உண்டு. யாரோ ஓர் ஆசிரியர் அதனை எழுதினார், ஒரு குழு அதனைத் திருத்தியது, வேறொரு குழு தள்ளிவைத்தது, மற்றொன்று ஏற்றது. அந்த வழியைச் சற்றே பின்னோக்கி நடந்து பார்ப்போம்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் சட்டத்தால் நிறுவப்பெற்றது. இலண்டன் பல்கலைக்கழகத்தின் சாயலில் எழுந்த அது, நெடுங்காலம் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே இருந்தது. கற்பிப்பது கல்லூரி, எதைக் கற்பிப்பது என்று வரையறுப்பதும் தேர்வு வைப்பதும் பல்கலைக்கழகம். நம் நாட்டுப் பேராசிரியர்கள் இன்றும் சுமக்கும் மனக்குறையின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது நம் கருத்து. தாம் நடத்தும் பாடத்தைத் தாம் வகுக்கவில்லை என்ற குறை அது.

1904ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம் கல்லூரிகளை நேரிற் சென்று பார்வையிட்ட பின்னரே இணைப்பு வழங்க வேண்டும் என்னும் நிலையை வலுப்படுத்தியது. ஒரு கல்லூரி புதிதாக ஒரு பாடத்தைத் தொடங்க விரும்பினால் நூலகம், ஆய்வுக்கூடம், ஆசிரியர் தகுதி, பொருள்வளம் அனைத்தையும் காட்டியாக வேண்டும். 1919இல் வாணியம்பாடியில் எழுந்த இஸ்லாமியாக் கல்லூரியும், 1951இல் சென்னையிலும் திருச்சியிலும் எழுந்த புதுக்கல்லூரியும் ஜமால் முகம்மது கல்லூரியும் இவ்வழியே நடந்தவைதாம். தோல் வாணிபத்திலும் கடல்கடந்த வணிகத்திலும் ஈட்டிய பொருளை வாரி வழங்கிய வள்ளல்களின் பெயர்களை நாம் நன்றியுடன் நினைவுகூர்கிறோம். விண்ணப்பத்தை எழுதிய ஆசிரியர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

1923ஆம் ஆண்டுச் சட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அமைப்பை மாற்றியது. செனட், சிண்டிகேட் ஆகியவற்றோடு கல்விக் குழுவும் இடம்பெற்றது. பாடத்திட்டக் குழு வரைவை ஆக்கும். கல்விக் குழு ஏற்கும். பொருளும் பணியிடமும் தொடர்புடையவை சிண்டிகேட்டின் முன் செல்லும். வரிசை எளிது. ஆனால் ஒரு குழு ஆண்டிற்கு ஓரிரு முறையே கூடும். ஒரு கூட்டம் தவறினால் ஓராண்டு கழியும். அதற்குள் வரைவெழுதியவர் ஓய்வு பெற்றிருப்பார், அல்லது குழுவில் அவரை அறிந்தவர் மாறியிருப்பார். ஆகவே இவ்வழியில் அறிவைவிடப் பொறுமைக்கே வேலை மிகுதி.

இதற்கு நம் இலக்கியமே சான்று. இலங்கையின் பாணந்துறைப் பகுதியைச் சேர்ந்த ம.மு. உவைஸ் அவர்கள் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டத்திற்காகத் தமிழ் இலக்கியத்திற்கு முஸ்லிம்கள் ஆற்றிய பணியை ஆய்ந்தார். அவ்வாய்வு 1953இல் நூலாக வெளிவந்தது. சீறாப்புராணம் 1842இலேயே அச்சேறியிருந்தும், அத்தகைய காப்பியங்கள் ஒரு தனித் துறையாகக் கற்கத் தக்கவை என்பதைப் பல்கலைக்கழக முறைப்படி நிறுவ ஒருவர் வர வேண்டியிருந்தது. 1973இல் திருச்சியில் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு கூடியது. 1979இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்திற்கென்று தனி இருக்கை அமைந்து, உவைஸ் அவர்களே அதன் பேராசிரியரானார். நூலிலிருந்து இருக்கை வரை இருபத்தாறு ஆண்டுகள்! பின்னர் பீ.மு. அஜ்மல்கானுடன் இணைந்து அவர் எழுதிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு பல தொகுதிகளாக அப்பல்கலைக்கழகத்தின் வெளியீடாகவே வந்தது. மேடையில் எழும் கைதட்டல் ஒருநாளில் அடங்கிவிடும். தாளாகவும் நூலாகவும் இருக்கையாகவும் மாறியதே நிலைத்தது.

கோத்தாரிக் குழு (1964-66) தன்னாட்சிக் கல்லூரி என்னும் எண்ணத்தை முன்வைத்தது. 1978இல் சென்னை லயோலா, கிறித்தவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி முதலியன தன்னாட்சி பெற்றன. ஜமால் முகம்மது கல்லூரிக்கு 2004இல் அது கிட்டியது. அங்கெல்லாம் துறைத்தலைவரே பாடத்திட்டக் குழுவின் தலைவர்; துறையின் ஆசிரியர்கள் உறுப்பினர்; வெளியிலிருந்து வல்லுநர்களும் துணைவேந்தரின் நியமனம் பெற்ற ஒருவரும் பழைய மாணவர் ஒருவரும் வந்தமர்வர். நூறாண்டுக் குறை தீர்ந்ததா? பாதி தீர்ந்தது. 2023இல் மாநில உயர்கல்வி மன்றம் மாதிரிப் பாடத்திட்டம் ஒன்றை முன்வைத்தபோது தன்னாட்சிக் கல்லூரி ஆசிரியர் பலர் எழுப்பிய மறுப்பு, மீதிப் பாதி எங்கிருக்கிறது என்பதைக் காட்டிற்று. மாணவர் கல்லூரி மாறும்போது துன்பமின்றி இருக்கப் பொதுத்தன்மை வேண்டும் என்ற வாதத்தையும் நாம் ஒதுக்கிவிட முடியாது.

நாம் பணியாற்றிய கல்லூரியொன்றில், தமிழ்த்துறையில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாக வைக்க முயன்றோம். ஐந்து அலகுகளாக வகுத்து, காப்பியம், கிஸ்ஸா, மசாலா, நாமா, படைப்போர், முனாஜாத்து என்று வகைகளை அழகாக அடுக்கி எழுதிக்கொண்டு கூட்டத்திற்குச் சென்றோம். வெளியிலிருந்து வந்த வல்லுநர், முஸ்லிம் அல்லாத முதிய தமிழறிஞர், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரே ஒரு வினாவைக் கேட்டார்:

“ஐயா, இவற்றுள் மாணவன் கடையில் வாங்கக் கூடியவை எத்தனை?”

நம்மிடம் விடையில்லை. வரைவு திரும்பியது. அன்று நமக்குச் சினம் வந்தது உண்மை; நம் இலக்கியத்தை ஒதுக்குகிறார்கள் என்று வீட்டில் பொருமினோம். இரவில் அமைதியாக எண்ணியபோது வினா நேர்மையானதென்று தெரிந்தது. பதிப்பில்லாத நூலைப் பாடமாக்கினால் தேர்வு நாளில் துன்புறுவது மாணவனே. அக்குழுவில் யாரும் பகையாளியல்லர். ஆயத்தமின்றிச் சென்றவர்கள் நாமே.

அடுத்த ஓராண்டு நூல் தேடுவதிலேயே கழிந்தது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வீட்டு அலமாரிகளில் துணி சுற்றிக் கிடந்த பழம் பதிப்புகளைக் கண்டோம். அவற்றைப் பாடமாக வைக்கவில்லை, வகுப்பில் காட்டக் குறித்துக்கொண்டோம். கிஸ்ஸாவிலும் மசாலாவிலும் கிடைக்கும் பதிப்புள்ளவற்றை மட்டும் நிறுத்தி, மற்றவற்றை நீக்கினோம். ஒவ்வொரு நூலுக்கும் பதிப்பகம், விலை, எந்த ஆசிரியர் நடத்துவார், வாரத்திற்கு எத்தனை மணி, மாதிரி வினாத்தாள் ஒன்று — இவ்வளவும் இணைத்தோம். கூட்டத்திற்கு ஒரு வாரம் முன்பே உறுப்பினர் அனைவர்க்கும் படி சென்றது. அதே முதியவர் இம்முறை மாதிரி வினாத்தாளில் இரு பிழைகளைத் திருத்தினார், வேறொன்றும் சொல்லவில்லை. கல்விக் குழுவிலும் அதிக நேரம் ஆகவில்லை.

முதலாண்டில் அப்பாடத்தை எடுத்தவர் பதினொருவர். அவர்களுள் நால்வர் மட்டுமே நம் சமுதாயத்தவர். கல்லூரி நூலகத்தில் அன்று சீறாப்புராணம் மூன்று படிகள் இருந்தன. இருவாரத்திற்கொருமுறை அவற்றைக் கைமாற்றிக்கொள்ள ஒரு பட்டியல் எழுதி, நூலகர் தம் மேசைக்குப் பின்னால் ஒட்டி வைத்தார்.