முதல் ஏர் ரைஃபிள் வாங்கப் போறீங்களா? பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தை நம்பாதீங்க

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா வென்ற 6 பதக்கங்களில் 3 துப்பாக்கிச் சுடுதலில் வந்தவை. அதைப் பார்த்துவிட்டு 'நாமும் ஒண்ணு வாங்கிப் பழகலாமே' என்று ஆன்லைனில் தேடத் தொடங்கியவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். தேடினால் முதலில் கண்ணில் படுவது வேகம். '1000 எஃப்பிஎஸ்', '1250 எஃப்பிஎஸ்' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். குண்டு ஒரு நொடியில் எத்தனை அடி போகும் என்ற கணக்கு அது. பைக் வாங்கும்போது சிசி பார்க்கிற மாதிரி, அதிகமாக இருந்தால் நல்லது என்று தோன்றும். புதிதாகப் பழகுகிறவருக்கு நிலைமை நேர் எதிர்.

சட்டம் எங்கே கோடு போடுகிறது?

2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, ஏர் ரைஃபிளின் குழல் விட்டம் 4.5 மி.மீட்டருக்கு (0.177 அங்குலம்) மிகாமலும், குண்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாமலும் இருந்தால் உரிமம் தேவையில்லை. இரண்டில் ஒன்று தாண்டினாலும் உரிமம் வேண்டும். 0.22 அங்குல ரைஃபிளை 'சும்மா ஏர் கன்தானே சார்' என்று யாராவது நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இப்போது அந்த 1000 எஃப்பிஎஸ் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பள்ளியில் படித்த அதே சூத்திரம்தான்: நிறையில் பாதி, பெருக்கல் வேகத்தின் வர்க்கம். 0.177 ஈயக் குண்டு ஒன்று சுமார் அரை கிராம் எடை. 1000 எஃப்பிஎஸ் என்றால் நொடிக்கு சுமார் 305 மீட்டர். பெருக்கினால் 23 ஜூல் வருகிறது. அதாவது, அரை கிராம் குண்டை உண்மையிலேயே அந்த வேகத்தில் தள்ளும் ரைஃபிள் உரிம வரம்பைத் தாண்டிவிட்டது. தாண்டவில்லை என்றால், மிக லேசான உலோகக் குண்டைப் போட்டு அளந்த எண்ணை விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். இரண்டில் எதுவாக இருந்தாலும் அந்த எண்ணால் உங்களுக்குப் பயனில்லை.

ஜெர்மனியில் உரிமம் இல்லாமல் வாங்கக்கூடிய ஏர் ரைஃபிளுக்கு வரம்பு 7.5 ஜூல்தான். உலகின் பெயர்பெற்ற போட்டி ரைஃபிள்கள் பலவும் அங்கேதான் தயாராகின்றன, அவையும் கிட்டத்தட்ட அந்த ஆற்றலில்தான் சுடுகின்றன. 10 மீட்டர் போட்டியில் பத்துப் புள்ளி வாங்க வேண்டிய வட்டத்தின் விட்டம் வெறும் 0.5 மி.மீ. அதை அடிக்க அவ்வளவு ஆற்றல் போதும் என்றால், உங்கள் அட்டை இலக்குக்கு 20 ஜூல் எதற்கு?

ஸ்பிரிங் ரைஃபிள் ஏன் அடம்பிடிக்கும்?

கடற்கரையில் பலூன் சுட்டிருந்தால் இந்த அமைப்பு உங்களுக்குத் தெரியும். பேரலைக் கீழே மடக்கினால் உள்ளே இருக்கும் கனமான ஸ்பிரிங் சுருங்கி, பிஸ்டன் பின்னால் போய்க் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். டிரிகரை இழுத்தால் பிஸ்டன் முன்னால் பாயும். அதற்கு முன்னால் இருக்கும் காற்று ஒரு நொடியில் நசுங்கி, அந்த அழுத்தம் குண்டைத் தள்ளும். சிலிண்டர் வேண்டாம், பம்ப் வேண்டாம், கேஸ் நிரப்பும் செலவும் கிடையாது. விலை கட்டுப்படியாவதற்கு இதுதான் காரணம்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. பிஸ்டன் முன்னால் பாயும்போது ரைஃபிள் பின்னால் உதைக்கும், பிஸ்டன் போய் முட்டியதும் முன்னால் இழுக்கும். இந்த இரண்டு ஆட்டமும் நடக்கும்போது குண்டு இன்னும் பேரலுக்குள்ளேதான் இருக்கிறது. அதனால் நீங்கள் பிடிக்கிற விதம் கொஞ்சம் மாறினாலும் குண்டு வேறு இடத்தில் விழும். ஸ்பிரிங் எவ்வளவு பலமோ, ஆட்டமும் அவ்வளவு. 'ரைஃபிள் சரியில்லை' என்று விற்றுவிடுகிற பலருக்கு உண்மையில் பிரச்சினை பிடிப்பில்தான். முன்பக்கக் கட்டையை இறுக்கிப் பிடிக்காமல், திறந்த உள்ளங்கையில் அப்படியே உட்கார வையுங்கள். அது தன் போக்கில் உதைக்கட்டும். டிரிகரை இழுத்த பிறகும் ஒரு நொடி இலக்கையே பார்த்துக்கொண்டிருங்கள். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் வேறு எந்த ரைஃபிளும் சுலபமாகத் தெரியும்.

ஸ்பிரிங்குக்குப் பதிலாக வாயு நிரப்பிய உருளை வைத்த 'நைட்ரோ பிஸ்டன்' வகையும் கிடைக்கிறது. அதிர்வு கொஞ்சம் குறைவு. ஆனால் பழுதானால் மொத்த உருளையையும் மாற்ற வேண்டும். முதல் ரைஃபிளுக்கு என் ஓட்டு சாதாரண ஸ்பிரிங்குக்கே.

கடையில் எதைப் பார்ப்பது?

பிரிசிஹோல், எஸ்டிபி, நேஷனல் என்று இந்தியாவிலேயே தயாரிப்பவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டு பிராண்டு இங்கே வந்து சேரும்போது விலை எங்கேயோ போய்விடும். பிராண்டு எதுவானாலும் முடிந்தவரை நேரில் போய்க் கையில் எடுத்துப் பாருங்கள். பேரலை மடக்கி மூடிய பிறகு பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் அந்தத் துப்பாக்கி ஒரே இடத்தில் இரண்டு முறை சுடாது. மடக்க எவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது என்பதும் முக்கியம். ஒரு மாலையில் நாற்பது ஐம்பது தடவை இதைச் செய்யப் போகிறீர்கள், பத்தாவது தடவையே கை நடுங்கினால் பழகிய மாதிரிதான். டிரிகர் ஒரே சீராக வர வேண்டும், கரகரவென்று இழுபடக் கூடாது. டிரிகரைச் சோதிக்கிறேன் என்று குண்டு போடாமல் சுடாதீர்கள். எதிர்க்காற்று இல்லாமல் பிஸ்டன் நேரே போய் மோதி, சீலும் ஸ்பிரிங்கும் கெட்டுவிடும்.

ஸ்கோப் இலவசம் என்றால் மகிழ வேண்டாம். ஸ்பிரிங் ரைஃபிளின் இரட்டை உதை சாதாரண ஸ்கோப்பைச் சில வாரங்களிலேயே ஆட்டங்காண வைத்துவிடும். துப்பாக்கியிலேயே உள்ள முன், பின் சைட்டில் பழகுங்கள். பின் சைட்டை மேலே கீழே, இடம் வலம் நகர்த்த முடிகிறதா என்று மட்டும் உறுதி செய்யுங்கள்.

கையில் 15,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முழுவதையும் ரைஃபிளுக்கே கொட்டாதீர்கள். கண்ணைக் காக்கும் கண்ணாடி, குண்டுப் பொறி, இரண்டு மூன்று பிராண்டு குண்டு டப்பாக்கள் ஆகியவற்றுக்குக் கொஞ்சம் ஒதுக்குங்கள். தட்டைத் தலைக் குண்டு காகித இலக்கில் சுத்தமான வட்டம் போடும். ஒவ்வொரு பேரலுக்கும் ஒவ்வொரு குண்டு ஒத்துப்போகும், அது சுட்டுப் பார்த்துத்தான் தெரியும். 10 மீட்டரில் ஐந்து குண்டுகள் ஒரு ரூபாய் நாணய அளவுக்குள் விழுந்தால், அந்த விலைக்கு அது நல்ல ரைஃபிள்.

ஒழுங்கான கடைக்காரர் வயதையும் அடையாளச் சான்றையும் கேட்பார். கேட்காமல் தருபவரிடம் வாங்காமல் இருப்பதே மேல்.

எங்கே சுடுவது?

உண்மையான சிக்கல் இதுதான். நகரத்து 2பிஎச்கே வீட்டில் 10 மீட்டர் நேர்கோடு கிடைப்பது அபூர்வம். மொட்டை மாடி என்று யோசிப்பீர்கள். குறி தப்பிய குண்டு சில நூறு மீட்டர் போகும், பக்கத்து பால்கனியில் துணி காயப்போடுகிறவர் கண்ணில் படலாம். உரிமம் தேவையில்லை என்பதால் பொறுப்பு இல்லை என்றாகாது. பிறர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து விளைவிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-வது பிரிவில் வரும். பறவை, அணில் பக்கம் திருப்பவே வேண்டாம், 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அருணாச்சலப் பிரதேசத்தில் பறவை வேட்டையைத் தடுக்கவே 2021-ல் ஏர் கன் ஒப்படைப்பு இயக்கம் தொடங்கினார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை மக்கள் தாங்களாகவே கொண்டுவந்து கொடுத்தார்கள்.

வீட்டுக்குள் 5, 6 மீட்டர் கிடைத்தால் போதும், இலக்கை அதற்கேற்பச் சின்னதாக வரைந்துகொள்ளலாம். தடிமனான பலகைக்கு முன்னால் பழைய துணி திணித்த பெட்டி வைத்தால் அதுவே குண்டுப் பொறி. இலக்குக்குப் பக்கத்தில் கதவு இருக்கக் கூடாது.

வாங்குவதற்கு முன்பே ஒரு ரேஞ்சுக்குப் போய் வருவது இன்னும் நல்லது. சென்னை, கோவை ரைஃபிள் கிளப்கள் தவிர, சென்னையில் பிறந்த ககன் நாரங் தொடங்கிய 'கன் ஃபார் குளோரி' பயிற்சி மையங்களும் பல ஊர்களில் இருக்கின்றன. அங்கே போட்டிக்குப் பயன்படுத்துவது லட்சக்கணக்கில் விலையுள்ள அழுத்தக் காற்று ரைஃபிள். உங்கள் ஸ்பிரிங் ரைஃபிளோடு ஒலிம்பிக் வரிசைக்குப் போக முடியாது. ஆனால் நிற்பது, மூச்சைக் கட்டுப்படுத்துவது, டிரிகர் விரல் எல்லாம் ஒன்றுதான். கிளப்பில் நாலு நாள் சுட்டுவிட்டு 'நமக்கு இது செட் ஆகாது' என்று தெரிந்தால், பணம் மிச்சம்.

வாங்கிவிட்டீர்கள் என்றால்: குண்டு போடும்போது மடக்கிய பேரலை இன்னொரு கையால் பிடித்தே இருங்கள், விட்டால் விரல் போய்விடும். ஸ்பிரிங்கை மடக்கிய நிலையில் மூலையில் சாத்தி வைக்காதீர்கள். கட்டையின் திருகுகள் சுடச்சுடத் தளரும், வாரம் ஒருமுறை முடுக்குங்கள். காற்றறைக்குள் எண்ணெய் விடாதீர்கள், அழுத்தத்தில் அது பற்றிக்கொள்ளும். குண்டு ஈயம் என்பதால், சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் டீ டம்ளரைத் தொட வேண்டும்.