திரையில் கண்டது எங்கே?

1909இல் லண்டனில் ஒரு பட்டியல் வெளிவந்தது. பிரித்தானிய அருங்காட்சியக நூலகத்தில் இருந்த தமிழ் அச்சு நூல்களை எல். டி. பார்னெட்டும் ஜி. யு. போப்பும் ஒவ்வொன்றாக விவரித்திருந்தார்கள். பழைய பதிப்பொன்றைத் தேடுபவர்களுக்கு அந்தப் பட்டியல் இன்றும் உதவுகிறது.

சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 2009 ஏப்ரலில், அதே நகரின் பாராளுமன்றச் சதுக்கத்தில் தமிழர் கூடினர். ஜூன் வரை அந்தப் போராட்டம் நீடித்தது. பகலில் சதுக்கம், இரவில் கணினி. வன்னியிலிருந்து வந்த படமும் செய்தியும் எங்களில் பலரைத் திரை வழியாகவே வந்தடைந்தன. அன்று திரையில் கண்டவற்றுக்கு யார் பட்டியல் போட்டார்கள்?

பிரித்தானிய நூலகமும் அதன் கூட்டாளி நிறுவனங்களும் 2004இலேயே இணையத்தளங்களைச் சேமிக்கத் தொடங்கியிருந்தன. ஆனால் தள உரிமையாளர் அனுமதி தந்தால் மட்டுமே நகலெடுக்கலாம். அச்சு நூலின் ஒரு பிரதியை நூலகத்துக்குக் கொடுப்பது இங்கே நெடுங்காலச் சட்டம். அதை மின்வெளியீடுகளுக்கும் விரிக்க 2003இல் சட்டம் வந்தது. அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் 2013 ஏப்ரல் 6ஆம் திகதிதான் அமுலுக்கு வந்தன. பிரித்தானிய இணையவெளியை அனுமதி கேட்காமலே ஆண்டுதோறும் நகலெடுக்கும் உரிமை அதன்பிறகே கிடைத்தது. எங்கள் 2009 அந்த இடைவெளியில் விழுந்துவிட்டது. இலவசத் தளங்களை நம்பியிருந்தவர்களுக்கு இன்னோர் அடியும் விழுந்தது: அதே ஆண்டு ஒக்டோபரில் யாகூ, ஜியோசிட்டீசை மூடியது.

நகலெடுத்தாலும் சிக்கல் தீர்வதில்லை. நூலகத்தின் மென்பொருள் இணைப்புகளைப் பற்றி ஊர்ந்து போய்க் கோப்புகளை எடுத்துவரும். உள்நுழைந்தால் மட்டுமே தெரிகிற பக்கமும், விரலால் உருட்ட உருட்ட வளரும் பக்கமும் அதற்கு இலேசில் அகப்படுவதில்லை. தமிழுக்கு இன்னொரு தனித் துயரம் உண்டு. யூனிகோடு பரவும் முன் ஈழத்தவர் பலர் எழுதியது பாமினி எழுத்துருவில். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த ஏற்பாடு அது. எழுத்துரு இல்லாத கணினியில் 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரியும். கோப்பு பத்திரமாக இருக்கும். வாசித்தவர் கண்ட தமிழ் இருக்காது.

ஆகவே பக்கத்தைச் சேமிப்பது வேறு, பார்த்ததைச் சேமிப்பது வேறு. திரையைப் படம் பிடித்தால் தோற்றம் மிஞ்சும். ஆனால் அதில் சொல்லைத் தேட முடியாது, இணைப்பை அழுத்த முடியாது. திரைக்காணொளியும் அப்படித்தான். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழியை இல்யா கிரீமர் உருவாக்கினார். நியூயோர்க்கின் ரைசோம் அமைப்பு 2016இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட வெப்ரெக்கோர்டர் அது. நீங்கள் வழக்கம்போல உலாவுகிறீர்கள். உலாவிக்கு வந்துசேரும் ஒவ்வொன்றையும் அது 'வார்க்' என்ற கோப்பில் எழுதிக்கொள்கிறது. பின்னாளில் திறந்தால் பக்கம் மறுபடி இயங்கும். இன்று அதே வேலையை உலாவியில் சேர்க்கும் ஒரு சிறு நீட்சி இலவசமாகச் செய்கிறது. 2022இல் உக்ரைன் மீது போர் மூண்டதும், பல நாட்டுத் தன்னார்வலர்கள் இவ்வகைக் கருவிகளோடு அந்நாட்டு நூலக, அருங்காட்சியகத் தளங்களைப் பதிவுசெய்தார்கள். 2009இல் எங்கள் கையில் அது இல்லை.

பெரிய நிறுவனமே போதும் என்றும் இருந்துவிட முடியாது. 2013க்குப் பின் அந்த விதிகளின்படி சேர்ந்தவற்றைப் பெரும்பாலும் உரிமைபெற்ற ஆறு நூலகங்களின் வாசிப்பறையில்தான் பார்க்கலாம். ஒரு நூலகத்தில் ஒரு பக்கத்தை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும். 2023 ஒக்டோபரில் பிரித்தானிய நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளானபோது, இணைய ஆவணகமும் சேர்ந்தே முடங்கியது.

அதற்காகக் கண்டதையெல்லாம் பதிவுசெய்வதும் ஆகாது. உள்நுழைந்த நிலையில் பதிவானால் உங்கள் கணக்கு விவரமும், பின்னூட்டம் எழுதியவரின் பெயரும் கோப்புக்குள் போய்விடும். ஊரில் இருப்பவருக்கு ஒரு பெயர் வெளிப்படுவதே ஆபத்தாகலாம். எதைப் பதிவது, எதைப் பூட்டி வைப்பது, யாரிடம் ஒப்படைப்பது என்பதை முதலில் பேச வேண்டும்.

பார்னெட்டும் போப்பும் பட்டியல் போடும்போது நூல் மேசையில் இருந்தது. 2009இன் எச்சங்கள் இன்று பழைய மடிக்கணினிகளிலும் வன்தட்டுகளிலும் கிடக்கின்றன. ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் அலுமாரிக்குள் அப்படி ஒன்று இருந்தால், வீசிவிடாதீர்கள். அதில் உள்ள பக்கங்களோடு, அவை எழுதப்பட்ட எழுத்துருவையும் சேர்த்து எடுத்து வையுங்கள். எந்த நாள், எந்த முகவரி என்று ஒரு தாளில் குறித்துவிடுங்கள். பட்டியல் அப்படித்தான் தொடங்குகிறது.