கல்லுக்குக் காகிதம் எதற்கு?

பணியில் இருந்தபோது ஒரு மே மாதம், எழும்பூர் அருங்காட்சியகத்தில் பிள்ளைகளுக்கான கோடை முகாமை ஒருங்கிணைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. வருகைப் பதிவு, மோர், தொலைந்த செருப்பு என்றே பாதி நாள் போய்விடும். கல்வெட்டுப் படி எடுக்கும் அன்று மட்டும் கூச்சல் அடங்கும். கல்லைக் கழுவி, ஈரக் காகிதத்தை ஒட்டி, தூரிகையால் தட்டி எழுத்துப் பள்ளத்தில் இறக்கி, மேலே மையை ஒற்றினால் கறுப்பில் வெள்ளையாக எழுத்து எழும்.

"கல்லுதான் அழியாதே சார், காகிதம் எதுக்கு?" என்றான் ஒரு பையன்.

நம் ஊர்க் கதையைச் சொன்னேன். திருமழபாடி வைத்தியநாத சுவாமி கோயிலின் பழைய விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட, முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1013 வாக்கில், ஆணையிட்டான். பிரிக்கும் முன் சுவரிலிருந்த கல்வெட்டுகளை ஏட்டில் படி எடுத்தார்கள். மகன் இராசேந்திரனின் 14ஆம் ஆண்டில், அந்த ஏட்டைப் பார்த்துப் புதுச் சுவரில் மறுபடி வெட்டினார்கள். பழைய கொடைகளின் கணக்கு அப்படித்தான் தப்பியது.

சொல்லும்போதே எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஓட்டு வீட்டைப் பிரித்தபோது, வாசல் நிலையில் தாத்தா செதுக்க வைத்திருந்த ஆண்டையும் பெயர்களையும் நான் குறித்துக்கொள்ளவில்லை. நிலை விறகுக்குப் போயிற்று.

அன்றைய வீட்டுப்பாடத்தை மாற்றினேன். வீட்டிலுள்ள பழைய பாத்திரத்தில் வெட்டிய பெயரை, காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துவர வேண்டும். மறுநாள் ஒரு சிறுமி பித்தளைக் குடத்திலிருந்து எடுத்த பெயரோடு வந்தாள்.

"இது யாருன்னு அம்மாவுக்கே தெரியலை சார். பாட்டிக்குப் போன் போட்டோம். அவங்க அம்மாவாம்."