கல்வராயன் மலையும் கள்ளக்குறிச்சிக் காற்றும்

கல்வராயன் மலை என்றதும் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது சாராயம்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்த விஷச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு அந்தப் பெயர் இன்னும் அழுத்தமாக ஒட்டிக்கொண்டது. (உயிரைக் குடித்த மெத்தனால் மலையில் விளைந்த பொருள் அல்ல என்பது வேறு கதை.) ஆனால் இந்த மலைக்கு அதைவிடப் பழைய கெட்ட பெயர் ஒன்று உண்டு. அது காற்றைப் பற்றியது.

வெள்ளைக்காரர் காலத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலைகள் என்றாலே காய்ச்சல் பயம். மலையின் 'கெட்ட காற்று' பட்டால் குளிர்சுரம் வரும் என்று நம்பினார்கள். இது பாமர நம்பிக்கை மட்டும் அல்ல. படித்த டாக்டர்களும் அதையே சொன்னார்கள். மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள். 1897ல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்த பிறகுதான் காற்றின் மேல் இருந்த பழி நீங்கியது. சுதந்திர இந்தியாவில் 1953ல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, வீடு வீடாக டிடிடி தெளித்தார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மலைக்காற்றைப் பற்றி இவ்வளவு பயந்த அரசாங்கம் அதை அளந்து பார்க்கவே இல்லை. மழையை மட்டும் அளந்தது. சென்னையில் 1792லேயே வானாய்வுக்கூடம் வந்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குள் தாலுகா கச்சேரிகளிலும் மழைமானி வந்தது. காரணம் எளிது. மழை பெய்தால்தான் விளையும், விளைந்தால்தான் தீர்வை வரும். காற்றுக்கு ஏது தீர்வை? 1876ல் பருவமழை பொய்த்து, 1878 வரை சென்னை மாகாணத்தையே உலுக்கிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு மழைக்கணக்கின் அருமை இன்னும் கூடியது. காற்றைப் பற்றிய ஏடு மட்டும் வெறுமையாகவே கிடந்தது.

இந்த ஊரின் பருவத்தைப் புரிந்துகொள்ள மலையைத்தான் பார்க்க வேண்டும். கள்ளக்குறிச்சி கடலிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உள்ளே, மலைக்குக் கிழக்கே இருக்கிறது. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே ஈரத்தைக் கொட்டிவிட்டு இங்கே வறண்டு வருகிறது. செம்மண் புழுதி கிளம்பும். ஆனால் புகை தங்காது, அடித்துக்கொண்டு போய்விடும். வெயில் ஏறிய பிற்பகலில் மலை மேல் மேகம் திரண்டு, இருட்டிய பிறகு இடியோடு கிழக்கே நகர்ந்து சமவெளியில் கொட்டும் நாட்களும் உண்டு. பிறகு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. கோமுகியும் மணிமுத்தாறும் இந்த மழையில்தான் நிரம்புகின்றன. தீபாவளியும் பெரும்பாலும் இந்த மழைக்காலத்தில் வருவதால், பட்டாசுப் புகையை வானமே கழுவிவிடுகிறது. இந்த வசதி டெல்லிக்குக் கிடையாது.

சிக்கல் மார்கழி, தையில்தான். மழை ஓய்ந்து வானம் தெளிந்த இரவுகளில் தரை சீக்கிரம் குளிர்கிறது. மலைச்சரிவில் குளிர்ந்த காற்று கனத்து, கீழே கச்சிராயபாளையம் பக்கம் இறங்கித் தேங்குகிறது. அதற்கு மேலே சற்று வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் நிற்கும். கீழே எழும் புகைக்கு மேலே போக வழியில்லை. வெயில் ஏறி அந்த மூடி கலையும் வரை பனியும் புகையும் கலந்து தெருவிலேயே கிடக்கும். போகிப் பண்டிகை சரியாக இந்தச் சமயத்தில் வருவதை என்னவென்று சொல்வது!

முற்காலத்தில் இந்தப் பகுதியின் பெரிய புகை மலையிலிருந்துதான் வந்தது. மலையாளி பழங்குடியினர் காட்டை வெட்டி, காயவைத்து, கோடையின் முடிவில் எரித்துப் புனக்காடு ஆக்கினார்கள். சாம்பலில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்தன. சில வருஷம் கழித்து அந்த நிலத்தைக் காட்டுக்கே விட்டுவிடுவார்கள். 1882ன் சென்னை வனச்சட்டம் வந்த பிறகு அதிகாரிகளின் கண்ணுக்கு இது அழிவுவேலையாகப் பட்டது. ஆனால் கல்வராயன் மலை சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தாரர்கள் கையில் இருந்தது. 1976ல்தான் ஜாகீர்கள் முழுமையாக அரசின் வசம் வந்தன. ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். புனக்காட்டுப் புகை வருஷத்தில் சில வாரங்கள்தான். அதுவும் கோடையில், சூடான காற்று உயர எழும்பும் காலத்தில் எரித்தது. கீழே இருப்பவன் மூச்சில் அது அதிகம் ஏறியிருக்காது.

20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கதை தலைகீழானது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் வந்தன. கள்ளக்குறிச்சியைச் சுற்றி மாடர்ன் ரைஸ் மில்கள் பெருகின. புழுங்கலரிசிக்கு நெல் அவிக்க வேண்டும், அவிக்க உமி எரிக்க வேண்டும். மில்லுக்கு அருகில் மொட்டைமாடியில் வேட்டி காயப்போட்டவர்களுக்கு அந்தக் கரித்துகள் தெரியும். கரும்பு அரவையும், வெட்டிய வயலில் சோகை எரிப்பதும், காற்று நகராத பனிமாதங்களிலும் நடக்கின்றன. மலைவாசியின் தீயைப் பற்றி ஒரு நூற்றாண்டு குறை எழுதிய சமவெளி, தன் புகையைப் பற்றி அவ்வளவாக எழுதவில்லை.

சட்டங்கள் வராமல் இல்லை. காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981ல் வந்தது. 2009ல் திருத்திய தரத்தின்படி மிக நுண்துகள் 24 மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021ல் இதையே 15 என்று குறைத்தது.

அந்த 60ம் 15ம் வெளிக்காற்றுக்கு. மலை மேல் வெள்ளிமலைக்கு அப்பால் உள்ள குக்கிராமங்களில் வெளிக்காற்று பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. மழைக்காலத்தில் விறகு ஈரமாகிவிடும், குளிருக்குக் கதவையும் சாத்த வேண்டும். 2007ல் தமிழக அரசின் இலவச கேஸ் அடுப்பும் 2016ல் உஜ்வாலா திட்டமும் வந்தாலும், சிலிண்டர் தீர்ந்தால் அடுத்தது மலையேறி வர வேண்டும். பக்கத்துக் காட்டில் விறகு சும்மா கிடைக்கிறது. அந்த அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து ஊதுகிற பெண்ணின் மூச்சில் போவது எந்த மழைக்கணக்கிலும் ஏறவில்லை, எந்தக் காற்றுக்கணக்கிலும் ஏறவில்லை.