பாலர் பள்ளியில் பருவகாலக் கைவினை: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள பாலர் பள்ளி வகுப்பறைகளின் சுவர்கள் ஆண்டு முழுவதும் கோலம் மாறிக்கொண்டே இருப்பவை. தை மாதத்தில் வண்ணத்தாளில் வெட்டிய பொங்கற்பானை, சீனப் புத்தாண்டுக்குச் சிவப்பு விளக்கு, நோன்புப் பெருநாளுக்குப் பச்சைத்தாளில் பின்னிய கெத்துப்பாட், தீபாவளிக்கு அகல்விளக்கு, ஆண்டிறுதி நெருங்குகையில் பஞ்சை ஒட்டிய பனிமனிதன் என அவை வரிசையாக வந்து போகின்றன. காலத்தைக் கைவினையால் அடையாளம் காட்டும் இவ்வழக்கம் பாலர் கல்வியின் இயல்பான பகுதி என்றே கருதப்படுகிறது. இஃது எங்கிருந்து வந்தது, தொடக்கத்தில் எதற்காக அமைந்தது என்ற வினாக்கள் நம்மிடையே மிகுதியாக எழுப்பப்படவில்லை. இவ்வழக்கத்தின் வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்ந்து, அது நாடுவிட்டு நாடு பெயர்ந்தபோது எதைத் தன்னோடு கொண்டுசென்றது, எதை விட்டுச் சென்றது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ் கற்பிக்கும் ஆசிரியருக்கு இவ்வரலாறு ஏன் இன்றியமையாதது என்பதும் இறுதியில் எடுத்துரைக்கப்படும்.

தோட்டமும் கைவேலையும்

பாலர் பள்ளி என நாம் வழங்கும் அமைப்பின் தந்தை செருமானியரான பிரடெரிக் ஃபுரோபெல் ஆவார். 1782ஆம் ஆண்டு துரிங்கியாவில் பிறந்த இவர், ஓராண்டு நிறையுமுன்பே தாயை இழந்தவர். இளமையில் வனக்காவல் தொழில் பயின்றார். சுவிட்சர்லாந்தின் இவர்டன் நகரில் பெஸ்டலோசியின் பள்ளியில் 1808 முதல் 1810 வரை தங்கியிருந்தார். பின்னர்ப் பெர்லினில் கனிமப் படிகங்களை ஆராய்ந்த கிறிஸ்டியன் வைஸ் என்பாரிடம் உதவியாளராகப் பணியாற்றினார். மரமும் செடியும் வளரும் முறையையும் படிகங்களின் வடிவ ஒழுங்கையும் நேரிற் கண்ட இப்பட்டறிவே அவருடைய கல்விக் கொள்கைக்கு அடிப்படையாயிற்று எனலாம். 1837இல் பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் சிறுகுழந்தைகளுக்கான நிலையத்தைத் தொடங்கிய அவர், 1840ஆம் ஆண்டு சூன் 28ஆம் நாள் அதற்குக் 'கிண்டர்கார்ட்டன்', அதாவது குழந்தைகளின் தோட்டம், எனப் பெயரிட்டார்.

இப்பெயர் வெறும் உருவகமன்று. ஃபுரோபெல் வகுத்த திட்டத்தில் உண்மையான தோட்டம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே சிறு பாத்தி ஒதுக்கப்பட்டது. அப்பாத்திகளைச் சூழ, அனைவரும் சேர்ந்து பேணும் பொதுப் பாத்திகள் அமைந்தன. தன் பாத்தியைத் தானே கவனிப்பதால் பொறுப்பும், பொதுப் பாத்தியைப் பேணுவதால் கூட்டுணர்வும் வளரும் என்பது அவர் கருத்து. விதைப்பு, முளைப்பு, பூப்பு, அறுவடை, பனி மூடிய வெற்று நிலம் ஆகிய அனைத்தையும் குழந்தை தன் கண்ணெதிரே கண்டது.

தோட்டத்தோடு இணைந்தவை இருவகைக் கருவிகள். முதல்வகை 'கொடைகள்' எனப்பட்டன. வண்ணக் கம்பளிப் பந்துகள், மரத்தாலான உருண்டை, உருளை, கனசதுரம், பல துண்டுகளாகப் பிரியும் கட்டைகள் முதலியன இவற்றுள் அடங்கும். இரண்டாம் வகை 'தொழில்கள்' எனப்பட்டன. தாள் மடித்தல், தாள் வெட்டுதல், தாள்நாடா பின்னுதல், அட்டையில் துளையிட்டுத் தைத்தல், களிமண் பிசைதல் போன்றவை இவை. இன்றைய பாலர் பள்ளிக் கைவினைகளிற் பெரும்பாலானவற்றின் மூலம் இங்கேயே உள்ளது.

இக்கருவிகளைக் கொண்டு குழந்தைகள் செய்பவற்றை ஃபுரோபெல் மூன்றாகப் பகுத்தார். நாற்காலி, வீடு, பாலம் என வாழ்வில் கண்டதைச் செய்வது வாழ்க்கை வடிவம். ஒன்றை இரண்டாகவும் நான்காகவும் பகுத்து எண்ணும் அளவும் அறிவது அறிவு வடிவம். விண்மீன் போன்ற சமச்சீர்க் கோலங்களை அமைப்பது அழகு வடிவம். ஒரே கட்டையும் ஒரே தாளும் இம்மூன்றுக்கும் பயன்பட்டன என்பது குறிப்பிடத்தக்கது. இம்முப்பகுப்பே பின்வரும் வரலாற்றை அளந்தறிய நமக்கு உதவும் கோலாகும்.

மாதப் பொருள்

1851ஆம் ஆண்டு பிரசிய அரசு கிண்டர்கார்ட்டன்களைத் தடைசெய்தது. ஃபுரோபெலின் உறவினர் ஒருவருடைய தீவிர அரசியல் கருத்துகளை இவருடையவை எனப் பிறழ உணர்ந்ததும் அதற்கு ஒரு காரணமாயிற்று. மறு ஆண்டே ஃபுரோபெல் மறைந்தார். தடை 1860இல்தான் நீங்கியது.

அதன்பின் பருவகாலக் கற்பித்தலுக்குத் தெளிவான வடிவம் தந்தவர் ஃபுரோபெலின் உறவினரும் மாணவியுமான ஹென்ரியட்டா சிராடர் பிரேமன் (1827-1899) ஆவார். அவர் உருவாக்கிய பெர்லின் பெஸ்டலோசி ஃபுரோபெல் இல்லத்தில் 'மாதப் பொருள்' என்னும் முறை பின்பற்றப்பட்டது. அந்தந்தப் பருவத்துக்குரிய இயற்கைப் பொருள் ஒன்றைத் தேர்ந்து, அதைச் சுற்றியே வகுப்பின் பணிகள் அனைத்தையும் அமைப்பது இதன் உட்கிடை. குழந்தைகள் அப்பொருளைப் பார்த்தனர், பேணினர், சமைக்கத்தக்கதாயின் சமைத்தனர், அதைப் பற்றிப் பாடினர், கதை கேட்டனர், இறுதியில் வரைந்தனர், மண்ணில் வனைந்தனர். கைவினை இவ்வரிசையில் கடைசியாக வந்தது. கண்டதையும் தொட்டதையும் பேசியதையும் கை மீண்டும் நினைவுகூரும் செயலாக அது அமைந்தது. இன்று நாம் 'கருப்பொருள்வழிக் கற்பித்தல்' எனக் குறிப்பிடும் முறையின் முன்னோடிகளுள் ஒன்றாக இதனைக் கொள்ளலாம்.

கடல் கடந்த கைவினை

தடைக்காலத்திலும் அதன் பின்னும் கிண்டர்கார்ட்டன் பிற நாடுகளுக்குப் பரவியது. அமெரிக்காவில் 1856இல் விஸ்கான்சின் மாநிலத்தின் வாட்டர்டவுன் நகரில் மார்கரெட் சுர்ஸ் செருமன் மொழியிலும், 1860இல் பாஸ்டனில் எலிசபெத் பீபாடி ஆங்கிலத்திலும் இத்தகைய பள்ளிகளைத் தொடங்கினர். 1873இல் செயிண்ட் லூயிஸ் நகரில் சூசன் புளோவின் முயற்சியால் அது பொதுப்பள்ளி அமைப்புக்குள் நுழைந்தது.

பரவலோடு வாணிகமும் வந்தது. விளையாட்டுப் பொருள் உற்பத்தியாளரான மில்டன் பிராட்லி கொடைகளையும் தொழில்களுக்குரிய தாள்களையும் பெட்டிகளில் அடைத்து விற்கத் தொடங்கினார். பெட்டி எளிதாகப் பயணம் செய்யும். தோட்டம் அவ்வாறு பயணம் செய்யாது. நெருக்கமான நகர வகுப்பறையில் பாத்திக்கு இடமில்லை; ஆயின் வண்ணத்தாளுக்கு இடமுண்டு. இலையுதிர் காலத்து இலையும் குளிர்காலத்துப் பனித்துகளும் தாளில் வெட்டப்பெற்றுச் சுவரேறின. அவை அங்குள்ள குழந்தை சன்னல்வழிக் காண்பவை என்ற அளவில் பொருளுடையனவாகவே இருந்தன. எனினும் நுண்ணிய துளையிடலும் தையலும் குழந்தைகளின் கண்ணையும் நரம்பையும் வருத்தும் என உளவியலாளர் சிடான்லி ஹால் குறைகூறினார். வகுத்த வரிசையில் வகுத்தவாறே செய்விப்பதை மாற்றி, குழந்தையின் தன்விருப்புக்கு இடம் தரவேண்டும் எனப் பேட்டி சிமித் ஹில் வாதிட்டார். செய்முறை தங்கிவிட்டது, நோக்கம் நழுவிவிட்டது என்பதே இக்கண்டனங்களின் சாரம் எனலாம்.

ஜப்பானில் நிலைமை வேறு. 1876இல் தோக்கியோ மகளிர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியோடு இணைந்து அந்நாட்டின் முதல் அரசு மழலையர் பள்ளி தொடங்கப்பட்டது. அங்குத் தாள் மடிப்புக் கலை முன்னரே வேரூன்றி இருந்தது. செருமானிய மடிப்புமுறை அம்மரபோடு கலந்து, உள்நாட்டு உருவங்களும் பெயர்களும் பெற்றுப் பள்ளிக்குள் நிலைத்தது. வந்த கைவினை தனக்கு நிகரான ஒன்றை எதிர்கொண்டதால் அஃது அயலதாக நிற்கவில்லை.

சென்னையில் ஒரு மடிப்பு

தமிழகத்தோடு தொடர்புடைய ஒரு நிகழ்ச்சி இவ்விடத்துச் சிறப்பாக எண்ணத்தக்கது. 1893இல் சென்னை அடிசன் நிறுவனத்தின் வெளியீடாகத் தாள் மடிப்பில் வடிவகணிதப் பயிற்சிகளைக் கூறும் ஆங்கில நூல் ஒன்று வந்தது. அதன் ஆசிரியர் தண்டலம் சுந்தரராவ். கிண்டர்கார்ட்டன் கொடைகளுள் எட்டாவதான தாள் மடிப்பே இந்நூலுக்குத் தூண்டுகோல் என அவரே முன்னுரையிற் கூறுகிறார். அக்கொடை, பல வண்ணங்களில் அமைந்த இருநூறு சதுரத் தாள்களைக் கொண்ட பெட்டியாகும்.

குழந்தைகளின் கைவேலைப் பெட்டியில் சுந்தரராவ் கண்டது அலங்காரத்தை அன்று. ஒழுங்கற்ற ஒரு தாளை மடித்துச் சதுரம் பெறுவதிலிருந்து அவர் தொடங்குகிறார். சமபக்க முக்கோணம், ஐங்கோணம், அறுகோணம் எனப் படிப்படியாக ஏறி, தொடர்களையும் வளைகோடுகளையும் வரை செல்கிறார். ஒரு பேனாக்கத்தியும் சில தாள்துண்டுகளுமே இதற்குப் போதுமான கருவிகள். செருமானியக் கணித அறிஞர் பெலிக்ஸ் கிளைன் தம் நூலில் இதனைச் சுட்டியமையால் இந்நூல் மேலைநாட்டார் கவனத்தைப் பெற்றது. 1901இல் சிகாகோவில் மறுபதிப்பும் கண்டது. செருமனியில் தோன்றிய மழலையர் கைவேலை, சென்னையில் சிந்தனையாக வளர்ந்து, மீண்டும் மேலைநாட்டுக்குத் திரும்பியது என்பது வியப்புக்குரியது. ஃபுரோபெலின் முப்பகுப்பில் வைத்து நோக்கினால், பெட்டியில் வந்தவற்றுள் அறிவு வடிவத்தை முழுமையாக எடுத்துக்கொண்டவர் சுந்தரராவ் என்பது விளங்கும்.

நம் மண்ணின் பருவம்

மலேசியாவில் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்தது. சிங்கப்பூரில் 2003இல் பாலர் கல்விக்கான கலைத்திட்டக் கட்டமைப்பு வெளியிடப்பட்டது. 2014இல் கல்வி அமைச்சே பாலர் பள்ளிகளை நடத்தத் தொடங்கியது. இருநாட்டுத் திட்டங்களும் விளையாட்டுவழிக் கற்றலையும் சூழலோடு இயைந்த கற்றலையும் வலியுறுத்துகின்றன. ஆயினும் சுவரில் தொங்கும் கைவினைகளைக் கூர்ந்து நோக்கின், நாம் பருவம் எனக் கொள்வது பெரும்பாலும் விழாவையே என்பது புலனாகும். விழாக் கைவினைக்குரிய மதிப்பை மறுப்பதற்கில்லை. பல்லினக் குழந்தைகள் ஒருவர் பண்டிகையை மற்றவர் அறிய அது துணைசெய்கிறது. எனினும் அதில் எஞ்சியிருப்பது ஃபுரோபெல் கூறிய அழகு வடிவம் மட்டுமே. பொங்கல் அறுவடை விழா எனச் சொல்லித் தருகிறோம். ஆனால், கெடாவின் மூடா நீர்ப்பாசனத் திட்டம் 1970இல் நிறைவேறிய பின் அச்சமவெளியில் ஆண்டுக்கு இருபோகம் விளைகிறது. தை மாதத்து அறுவடை என்பது இங்குள்ள குழந்தைக்குச் சொல்லாகவே நின்றுவிடுகிறது.

நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் நாடுகளில் பருவமே இல்லை என்று கூறுவாரும் உளர். இக்கூற்று முழுதும் பொருந்தாது. நவம்பர் முதல் மார்ச்சு வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. டுரியான் முதலிய பழங்களுக்கு உரிய காலம் உண்டு. நிழலும் பருவம் காட்டும். கோலாலம்பூரில் பிற்பகல் ஏறத்தாழ 1.15 மணிக்குச் சூரியன் உச்சத்தை அடைகிறது. அவ்வேளையில் நட்ட குச்சியின் நிழல் டிசம்பரில் வடக்கே விழும். சூனில் தெற்கே விழும். மார்ச்சு இறுதியிலும் செப்டம்பர் நடுவிலும் ஏறக்குறைய மறைந்தேபோகும். ஒரு குச்சியும் சுண்ணக்கட்டியும் இருந்தால் ஓராண்டில் இதனைக் குழந்தைகளே குறித்து வைக்கலாம்.

இவை அனைத்தினும் நம் வரலாற்றோடு நெருங்கியது ரப்பர் மரம். நம் முன்னோர் பால்மரம் என வழங்கிய இம்மரம் ஆண்டுதோறும் முதல் மாதங்களில் இலையுதிர்க்கும். பின்னர்ச் செம்பு நிறத் தளிர் விடும். பின்னாளில் அதன் காய்கள் ஓசையோடு வெடித்து, புள்ளிகள் நிறைந்த வழவழப்பான கொட்டைகளைச் சிதறும். ஆயாக் கொட்டகையில் வளர்ந்த தோட்டப்புறக் குழந்தைகளுக்கு இக்கொட்டைகளே விளையாட்டுப் பொருள்களாயின. அவர்களுக்கு ஃபுரோபெலின் பெயர் தெரியாது. ஆனால் கைக்குக் கிடைத்த கொடை இருந்தது. மேலைநாட்டு இலையுதிர் காலத்தைத் தாளில் வெட்டும் நாம், நம் மண்ணிலேயே நிகழும் இலையுதிர்வை வகுப்பறைக்குள் கொண்டுவரவில்லை.

மொழியாசிரியர் கவலைகொள்ள வேண்டிய இடம் இதுவே. கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என ஓர் இலையின் வாழ்நாளுக்குத் தமிழில் படிப்படியான சொற்கள் உள்ளன. ஒரு மரத்தடியில் நான்கு வாரம் பெறுக்கிச் சேர்த்து, வகைப்படுத்தி, எண்ணி, ஒட்டும் குழந்தைக்கு இவ்வைந்து சொற்களும் தாமே பதியும். அச்செயலில் வாழ்க்கை வடிவமும் அறிவு வடிவமும் அழகு வடிவமும் ஒருங்கே அமைந்துவிடுகின்றன. மாறாக, பஞ்சை ஒட்டிப் 'பனி' எனக் கற்பிக்கும்போது நேர்வது என்ன? தொல்காப்பியம் கூறும் அறுவகைப் பெரும்பொழுதுகளுள் முன்பனியும் பின்பனியும் உள்ளன. அங்குப் பனி என்பது புல்நுனியில் படியும் ஈரம். பஞ்சு காட்டும் வெண்பனியோ குழந்தை கண்டிராத ஒன்று. ஆக, அச்சொல் தமிழ் மரபின் பொருளையும் இழந்து, குழந்தையின் பட்டறிவையும் பெறாது நிற்கிறது. வீட்டில் தமிழ்ப் புழக்கம் குறைந்துவரும் குழந்தைக்குப் பள்ளியில் கிடைக்கும் தமிழ் நேரம் சிறிது. அச்சிறு நேரத்தில் பொருளற்ற சொல்லுக்கு இடமளிப்பது நமக்குக் கட்டுபடியாகாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பருவகாலக் கைவினை தோட்டத்தின் மடியில் பிறந்தது என்பதும், பெயர்ச்சியில் கைவேலை வந்துசேரத் தோட்டம் பின்தங்கியது என்பதும் பெறப்படும். ஜப்பானியர் அதனைத் தம் மரபோடு பிணைத்தனர். சுந்தரராவ் அதனை அறிவாக வளர்த்தார். நாம் இன்னும் அதனைப் பெட்டியில் வந்த வடிவிலேயே பெரிதும் வைத்துள்ளோம். இதனை மாற்றப் புதிய கலைத்திட்டமோ பெருஞ்செலவோ தேவையில்லை. மாதத்திற்கு ஒரு பொருளை நம் சூழலிலிருந்தே தேர்ந்து, முதலிற் காணவும் தொடவும் செய்து, அடுத்துத் தமிழிற் பேசவைத்து, கடைசியாகக் கைவினைக்கு வருதல் என்னும் வரிசையை மீட்டாலே போதும். சுவரில் ஒட்டப்படும் ஒவ்வோர் இலைக்கும் பின்னால் குழந்தை பெறுக்கிய ஓர் இலை இருத்தல் வேண்டும்.