திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை

ஒரே ஆசிரியர் தம் வீட்டுத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ பல வயதுப் பிள்ளைகளைச் சேர்த்து அமர்த்திக் கற்பித்த தமிழகத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில், இளையவர்களின் ஐயங்களைத் தீர்க்கும் பொறுப்பில் பெரும்பகுதி சட்டாம்பிள்ளை எனப்பட்ட மூத்த மாணவனிடமே இருந்தது. மணலில் விரல் பிடித்து எழுத்துப் பழக்குவதும், எண்சுவடி என்னும் வாய்பாட்டு நூலை முறை சொல்லி மற்றவர்களைத் தொடர்ந்து சொல்லவைப்பதும், நிகண்டையும் நீதிநூல்களையும் ஒப்புவிக்கக் கேட்டுப் பிழை திருத்துவதும் அவன் பணிகளாயின. 320-இல் ஒரு பங்கான முந்திரி, 80-இல் ஒரு பங்கான காணி, 20-இல் ஒரு பங்கான மா எனச் சிறு பின்னங்களுக்கும் பெருக்கல் வாய்பாடு இருந்த அக்கணக்கில், தடுக்கி நிற்கும் சிறுவனுக்கு அடியெடுத்துக் கொடுக்க ஒருவன் அருகிலிருப்பது இன்றியமையாததாயிற்று. வீட்டுக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு மாலையில் பூ, விலங்கு, ஊர் ஆகியவற்றின் பெயர்களைச் சொல்லியனுப்பி, மறுநாள் நினைவாகக் கேட்கும் வழக்கத்தை உ. வே. சாமிநாதையர் தம் தன்வரலாற்றில் பதிவுசெய்துள்ளார். இதை அக்கால வீட்டுப்பாடம் என்றே கொள்ளலாம்.

மாணவர் மாணவருக்கு உதவும் இம்முறை தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. 1623-இல் கன்னட நாட்டு இக்கேரிப் பகுதியில் பயணம் செய்த இத்தாலியர் பியெத்ரோ தெல்லா வல்லே, கோயில் முகப்பில் நான்கு சிறுவர் மணல் பரப்பிய தரையில் எழுதியபடியே கணக்கைப் பாடிப் படிப்பதைக் கண்டு, மறந்தால் திருத்துவார் யார் என்று வினவ, நால்வரும் ஒரே இடத்தை ஒரே வேளையில் மறப்பது நடவாது என்று அவர்கள் விடையளித்தனர். ஆசிரியரோ சட்டாம்பிள்ளையோ இல்லாத அந்நிலையில், நால்வரும் தமக்குள் சமமாகவே உதவிக்கொண்டனர் என்பது ஊன்றிக் கவனிக்கத்தக்கது.

சென்னை எழும்பூரில் 1789-இல் தொடங்கப்பட்ட ஆண் அநாதையர் இல்லத்தின் மேற்பார்வையாளரான ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதனைத் தம் பள்ளியிலும் புகுத்த முயன்றார். ஆசிரியர்கள் அதற்கு இணங்காதபோது, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டே இளையவர்களுக்கு எழுத்துக் கற்பித்தார். 1797-இல் அவர் லண்டனில் வெளியிட்ட அறிக்கையின் வழியே இது ‘மெட்ராஸ் முறை’ எனப் பரவியது. மணலுக்காகத் திண்ணைப் பள்ளிக்குத் தாம் பட்ட கடனை ஒப்புக்கொண்ட பெல், மாணவனை ஆசிரியனாக்கியதைத் தம் கண்டுபிடிப்பாகவே கருதினார். ஆனால் 1823-இல் பெல்லாரி மாவட்ட ஆட்சியர் கேம்பெல், முன்னேறிய மாணவர் பின்தங்கியவருக்குக் கற்பித்துத் தம் அறிவையும் உறுதிசெய்துகொள்ளும் ஏற்பாட்டை உள்ளூர்ப் பள்ளிகளுக்கே உரியதாகக் காட்டி, இங்கிலாந்து அதனைப் பின்பற்றியது தகும் என்று எழுதினார். உதவுபவனும் கற்கிறான் என்று கண்ட கேம்பெலின் கூற்றே இம்முறையின் உயிர்நிலையைத் தொடுகிறது.

இங்கிலாந்திலோ அதன் சிக்கனமே பெரிதாக மதிக்கப்பட்டது. ஓர் ஆசிரியர் 1000 பிள்ளைகளையும் நடத்தலாம் என்று இதே முறையை வளர்த்த ஜோசப் லங்காஸ்டர் வாதிட்டார். உள்ளூர்ப் பள்ளிகளோ சிறியவை: சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் தொடங்கிய கணக்கெடுப்பில், மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் பதிவாயினர். பள்ளிக்குச் சராசரியாக 15 பேர். பெண்களும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளும் பெரும்பாலும் அத்திண்ணைக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டனர் என்பது அதன் தீராக் குறை. எனினும் அச்சிறு வட்டத்தில் சட்டாம்பிள்ளை அறியாததை ஆசிரியரிடம் உடனே கேட்க முடிந்தது; நூற்றுக்கணக்கானோர் நிறைந்த ஆங்கிலேயக் கூடத்திலோ மாணவத் தலைவன் தனக்குக் கொடுக்கப்பட்ட பாடத்தை ஒப்புவிக்கச் செய்யலாமேயன்றி, அதற்கு அப்பால் எழும் வினாவுக்கு விடை கூற இயலவில்லை. 1846-இல் அங்கு பல ஆண்டுப் பயிற்சியும் ஊதியமும் பெறும் மாணவ ஆசிரியர் திட்டம் கொண்டுவரப்பட்டதும் மெட்ராஸ் முறை படிப்படியாகக் கைவிடப்பட்டது.