ஜோராசாங்கோ தாகூர் இல்லம்: ஒரு வீட்டின் இரண்டு பக்கங்கள்

ஜோராசாங்கோ தாகூர் இல்லம், வட கொல்கத்தாவில் துவாரகநாத் தாகூர் சந்தில் 6ஆம் இலக்கத்தில் உள்ள வரலாற்றுச் சிறப்புமிக்க மாளிகை. வங்காளிகள் இதனைத் 'தாகூர் பாரி' என்பர். இரவீந்திரநாத் தாகூர் 1861 மே 7 அன்று பிறந்ததும், 1941 ஆகஸ்ட் 7 அன்று மறைந்ததும் இவ்வீட்டில்தான். இன்று ரவீந்திர பாரதி பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகம் இங்கு இயங்குகிறது.

கவிஞரின் பிறந்த அறையையும் இறந்த அறையையும் காணவே பெரும்பாலோர் இங்கு வருகின்றனர். எனினும் இவ்வீட்டின் கதை ஒருவரின் கதை மட்டுமன்று. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் வணிகமும் சமயமும் கலையும் பெண்களின் வாழ்வும் இச்சுவர்களுக்குள் ஒன்றோடொன்று மோதின. அம்மோதல்களால் வீடு ஒருமுறை இரண்டாகவும் பிரிந்தது. அந்த இரண்டில் ஒன்றுதான் இன்று எஞ்சியிருக்கிறது.

பெயரும் தோற்றமும்

'ஜோரா' என்றால் இணை. 'சாங்கோ' என்றால் பாலம். முற்காலத்தில் இங்கிருந்த இரட்டைப் பாலத்தால் இப்பகுதிக்கு இப்பெயர் வந்ததாகக் கூறுவர்.

தாகூர் குடும்பத்தின் பழைய குடிப்பெயர் குஷாரி. இவர்கள் 'பிராலி' பிராமணர் எனப்பட்ட பிரிவினர். முஸ்லிம்களோடு கொண்ட தொடர்பால் சாதித் தூய்மை இழந்தவர்கள் என்று பிற பிராமணர்கள் இவர்களை ஒதுக்கிவைத்தனர். மரபுச் செய்தியின்படி, குடும்ப முன்னோரான பஞ்சானன் குஷாரி ஹூக்ளி ஆற்றங்கரையில் கோவிந்தபூர் என்ற ஊரில் குடியேறினார். அங்கிருந்த மீனவர்கள் பிராமணர் என்பதால் அவரை மரியாதையாக 'டாகுர்' என்று அழைத்தனர். ஆங்கிலேயர் வாயில் அது 'தாகூர்' ஆயிற்று. புதிய வில்லியம் கோட்டை கட்டப்பட்டபோது கோவிந்தபூர் மக்கள் இடம்பெயர நேர்ந்தது. தாகூர் குடும்பமும் வடக்கே பாதுரியாகாட்டாவுக்குச் சென்றது. அங்கே நீல்மணி, தர்பநாராயண் என்ற சகோதரர்களுக்கிடையே சொத்துத் தகராறு எழுந்தது. நீல்மணி பிரிந்துவந்து 1784இல் ஜோராசாங்கோவில் வீடு கட்டினார். ஆக, ஒரு பாகப்பிரிவினையில்தான் இவ்வீடே பிறந்தது.

துவாரகநாத்தின் செல்வம்

நீல்மணியின் பேரன் துவாரகநாத் தாகூர் (1794–1846) காலத்தில் குடும்பம் செல்வத்தின் உச்சியை எட்டியது. 1829இல் தொடங்கிய யூனியன் வங்கியில் அவர் முதன்மையான பங்கு வகித்தார். 1834இல் ஆங்கிலேயரைக் கூட்டாளியாகச் சேர்த்து 'கார், தாகூர் அண்ட் கம்பெனி' என்ற நிறுவனத்தை நிறுவினார். அவுரி, பட்டு, சர்க்கரை, ராணிகஞ்ச் நிலக்கரி ஆகியவை அவர் வணிகத்தில் அடங்கும். சீனாவுக்கு அபினி ஏற்றிச்சென்ற கப்பல் தொழிலிலும் அவருக்குப் பங்கு இருந்தது.

இந்த அபினித் தொடர்பு அருங்காட்சியகத்தைப் பார்ப்போர் நினைவில் கொள்ளத்தக்கது. துவாரகநாத்தின் பேரனான இரவீந்திரநாத், 1881இல் குடும்ப இதழான 'பாரதி'யில், சீனாவில் நடந்த அபினி வணிகத்தை மரண வியாபாரம் என்று கண்டித்துக் கட்டுரை எழுதினார். அப்போது அவருக்கு வயது இருபது. 1924இல் அவர் சீனாவுக்குப் பயணம் செய்தார். இன்று இவ்வீட்டில் அப்பயணத்தை நினைவுகூரும் சீனக் காட்சிக்கூடம் உள்ளது. அக்கூடத்தில் நிற்பவர், பாட்டனின் கப்பல்களும் பேரனின் கட்டுரையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதையும் எண்ணிப்பார்க்கலாம்.

வீடு இரண்டானது

துவாரகநாத்தின் குடும்பம் தலைமுறையாக வைணவ ஆசாரத்தில் ஊறியது. அசைவமும் மதுவும் அவ்வீட்டில் நுழைந்ததில்லை. வணிகத்தின் பொருட்டு ஆங்கிலேயருடன் விருந்துண்ணத் தொடங்கிய துவாரகநாத்துக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. அவர் மனைவி திகம்பரி தேவி பண்டிதர்களைக் கலந்து, கணவருடனான இல்லற உறவைத் துண்டித்துக்கொண்டார். துவாரகநாத் பழைய வீட்டின் அருகிலேயே விருந்தினரை வரவேற்க 'பைட்டக்கானா' என்ற மாளிகையைக் கட்டி அங்கே தங்கினார். பழைய வீடு 6ஆம் இலக்கம் என்றும், பைட்டக்கானா 5ஆம் இலக்கம் என்றும் பின்னர் அறியப்பட்டன.

துவாரகநாத் 1846இல் லண்டனில் காலமானார். 1847–48இல் வணிக நெருக்கடியில் அவருடைய நிறுவனமும் யூனியன் வங்கியும் வீழ்ந்தன. கடன்காரர் கைபடாதபடி சில நிலங்களைத் துவாரகநாத் முன்பே அறக்கட்டளை ஆவணத்தில் பாதுகாத்து வைத்திருந்தார். மூத்த மகன் தேவேந்திரநாத் (1817–1905) அவற்றையும் சேர்த்துக் கடன்காரர் முன் வைத்தார். அந்த நேர்மையால் நம்பிக்கை கொண்ட அவர்கள் தவணை அளித்தனர். கடன் பல ஆண்டுகளில் அடைக்கப்பட்டது.

தேவேந்திரநாத் 1839இல் தத்துவபோதினி சபையை இவ்வீட்டில் தொடங்கி, 1843இல் பிரம்ம சமாஜத்தில் தீட்சை பெற்றார். உருவ வழிபாட்டைக் கைவிட்டதால் குலதெய்வமான லட்சுமி ஜனார்தனருக்கு வீட்டில் பூசை நிற்கும் நிலை வந்தது. இதனை அவருடைய தம்பி கிரீந்திரநாத்தின் மனைவி ஜோக்மாயா தேவி ஏற்கவில்லை. கணவரை இழந்திருந்த அவர், தெய்வத் திருமேனியுடனும் பிள்ளைகளுடனும் 5ஆம் இலக்க வீட்டுக்குச் சென்றுவிட்டார். அதன்பின் 6ஆம் இலக்கம் பிரம்ம சமாஜத்தாரின் வீடாகவும், 5ஆம் இலக்கம் பழைய வழிபாட்டைத் தொடர்ந்தவர்களின் வீடாகவும் நிலைத்தன.

குடும்ப வரலாறுகள் பெரும்பாலும் துவாரகநாத்தையும் தேவேந்திரநாத்தையும் சுற்றியே எழுதப்படுகின்றன. ஆனால் இரண்டாம் வீடு எழுந்ததற்கும், பின்னர் குடும்பம் பிரிந்ததற்கும் பின்னால் இரண்டு பெண்கள் இருந்தனர். தம் நம்பிக்கையை விட்டுக்கொடுக்க அவர்கள் மறுத்ததே காரணம்.

அந்தர்மகாலும் வெளிவீடும்

வங்காளச் செல்வர் வீடுகளைப் போலவே இங்கும் ஆண்கள் புழங்கும் வெளிப்பகுதி, பெண்கள் வாழும் 'அந்தர்மகால்' என இரு பகுதிகள் உண்டு. வெளிப்பகுதியின் நடுவில் திறந்த முற்றமும், அதனையொட்டி வளைவுகள் கொண்ட பூசை மண்டபமும் இருக்கின்றன. துர்க்கா பூசை நடந்த அம்மண்டபம் தேவேந்திரநாத் காலத்தில் பிரம்ம சமாஜ வழிபாட்டிடமாயிற்று. பெண்கள் அந்தர்மகாலை விட்டு வெளியே போவது அரிது. கங்கையில் நீராட விரும்பினால் மூடிய பல்லக்கோடு அவர்களை நீரில் அமிழ்த்தி எடுத்துவந்த காலம் அது.

இந்த எல்லையை முதலில் அசைத்தவர்கள் தேவேந்திரநாத்தின் இரண்டாம் மகன் சத்யேந்திரநாத்தும் (1842–1923) அவர் மனைவி ஞானதானந்தினி தேவியும். சத்யேந்திரநாத்தின் நண்பர் மனமோகன் கோஷ் நண்பனின் மனைவியைக் காண விரும்பினார். இரவில் நண்பர்கள் இருவரும் ஒருவர் நடப்பது போன்ற ஓசை எழும்படி ஒரே சீராகக் காலடி வைத்து அந்தர்மகாலுக்குள் சென்றனர். கொசுவலைக்குள் ஞானதானந்தினியும் மனமோகனும் எதிரெதிரே பேச்சின்றி அமர்ந்திருந்தனர். சற்று நேரத்தில் வந்தவர் அதே வழியில் திரும்பினார். ஞானதானந்தினி தம் நினைவுக்குறிப்பில் பதிவுசெய்த நிகழ்ச்சி இது.

இந்தியக் குடிமைப் பணித் தேர்வில் வென்ற முதல் இந்தியரான சத்யேந்திரநாத், 1864இல் பம்பாய் மாகாணத்துக்குப் பணியேற்கச் சென்றபோது மனைவியையும் அழைத்துச்சென்றார். வீட்டு முற்றத்தைக் கடந்து வண்டியில் ஏற அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. பல்லக்கில்தான் கப்பலுக்குச் சென்றார். 1866இல் திரும்பியபோது வாயிலில் வண்டியிலிருந்தே இறங்கி உள்ளே நடந்தார். பம்பாயில் பார்சிப் பெண்களைப் பார்த்து அவர் அமைத்துக்கொண்ட புடவைக்கட்டு, வெளியே செல்லும் வங்காளப் பெண்களிடையே பரவியது. இன்று இந்தியா முழுவதும் பரவியுள்ள புடவைக்கட்டின் வரலாற்றில் அதற்கு முக்கிய இடம் உண்டு.

தேவேந்திரநாத்தின் மகள் ஸ்வர்ணகுமாரி தேவி (1855–1932) அந்தர்மகாலில் இருந்தபடியே எழுத்தாளரானார். 1876இல் தம் முதல் நாவலை வெளியிட்டார். 1877இல் குடும்பத்தார் தொடங்கிய 'பாரதி' இதழின் ஆசிரியப் பொறுப்பை 1884இல் ஏற்றார். 1881இல் இவ்வீட்டில் அரங்கேறிய 'வால்மீகி பிரதிபா' இசைநாடகத்தில் இரவீந்திரநாத் வால்மீகியாகவும், அண்ணன் மகள் பிரதிபா சரஸ்வதியாகவும் நடித்தனர். குடும்பப் பெண் விருந்தினர் முன் மேடையேறியது அக்காலத்தில் துணிச்சலான செயல்.

ஆயினும் சீர்திருத்தத்துக்கு எல்லை இருந்தது. இரவீந்திரநாத்தின் அண்ணன் ஜோதிரீந்திரநாத்துக்கு 1868இல் மணமுடிக்கப்பட்ட காதம்பரி தேவிக்கு அப்போது ஒன்பது வயது நிரம்பவிருந்தது. வயதில் சற்றே இளையவரான இரவீந்திரநாத்தின் தோழியாகவும் அவர் கவிதைகளின் முதல் வாசகியாகவும் இருந்த காதம்பரி, 1884 ஏப்ரலில் தற்கொலை செய்துகொண்டார். குடும்பத்தார் அதுபற்றி வெளியே பேசவில்லை. 1883இல் இரவீந்திரநாத் மணந்த மிருணாளினி தேவிக்கும் வயது ஒன்பதுதான். தம் மகள் ரேணுகாவுக்கு அவர் பத்து வயதில் மணம் செய்வித்தார். பெண்ணின் துயரைக் கதைகளில் ஆழமாக எழுதியவரின் வீட்டிலேயே இவ்வழக்கம் தொடர்ந்தது என்பதை மறைப்பதற்கில்லை. மிருணாளினி 1902இல் இவ்வீட்டில் இறந்தார். அவர் புழங்கிய சமையலறை இன்று காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.

தெற்குத் தாழ்வாரமும் விசித்திராவும்

5ஆம் இலக்க வீட்டில் கிரீந்திரநாத்தின் பேரர்களான ககனேந்திரநாத், சமரேந்திரநாத், அபனீந்திரநாத் ஆகியோர் வாழ்ந்தனர். அவ்வீட்டின் தெற்குத் தாழ்வாரத்தில் சகோதரர்கள் அமர்ந்து ஓவியம் தீட்டுவது வழக்கம். வங்க ஓவியப் பாணி உருப்பெற்ற இடங்களுள் அது முதன்மையானது. அபனீந்திரநாத்தின் புகழ்பெற்ற 'பாரத மாதா' ஓவியம் 1905ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதே ஆண்டு அக்டோபர் 16 அன்று வங்கப் பிரிவினை நடைமுறைக்கு வந்தபோது, இரவீந்திரநாத் வீதியில் நடந்து சென்று, எதிர்ப்பட்ட இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் கையில் ராக்கிக் கயிறு கட்டினார்.

வழிபாட்டில் பிரிந்த இரு வீடுகளும் கலையில் மீண்டும் சேர்ந்தன. இரவீந்திரநாத் 6ஆம் இலக்க வளாகத்தில் கட்டிய 'விசித்திரா' மாளிகையில் 1915இல் கலைச் சங்கம் ஒன்று தொடங்கியது. அபனீந்திரநாத், ககனேந்திரநாத், நந்தலால் போஸ் ஆகியோர் அதில் பங்கெடுத்தனர். 1917இல் கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டுக்கு வந்த தலைவர்கள் இங்கே 'அஞ்சலகம்' நாடகத்தைக் கண்டனர். 1921 செப்டம்பரில் ஒத்துழையாமை இயக்கம் குறித்துக் காந்தியும் தாகூரும் ஜோராசாங்கோவில் நீண்ட உரையாடல் நடத்தினர். கருத்து வேற்றுமை தீரவில்லை, நட்பும் குறையவில்லை.

1941 ஆகஸ்ட்

நோயுற்ற இரவீந்திரநாத் 1941 ஜூலை 25 அன்று சாந்திநிகேதனிலிருந்து இங்கு கொண்டுவரப்பட்டார். ஜூலை 30 அன்று அறையையொட்டிய தாழ்வாரத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. அன்று காலையில்தான் தம் கடைசிக் கவிதையை அவர் சொல்லச்சொல்லப் பிறர் எழுதிக்கொண்டனர். ஆகஸ்ட் 7 நண்பகலில் உயிர் பிரிந்தது. அன்று அபனீந்திரநாத்துக்கு எழுபதாவது பிறந்தநாள்.

அதே ஆண்டில் அபனீந்திரநாத் தம் வீட்டை விட்டு நகரின் வடக்கே பராநகருக்குக் குடிபெயர்ந்தார். 5ஆம் இலக்க வீடு விற்கப்பட்டு இடிக்கப்பட்டது. தெற்குத் தாழ்வாரமும் அதனோடு போயிற்று.

அருங்காட்சியகம்

தாகூர் நூற்றாண்டான 1961இல் அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. 1962 மே 8 அன்று ரவீந்திர பாரதி பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. செந்நிறச் சுவர்களும் பச்சை வண்ணச் சன்னல்களும் கொண்ட மாளிகையில் குடும்பத்தார் பயன்படுத்திய பொருள்கள், நிழற்படங்கள், ஓவியங்கள், சீனா, ஜப்பான் தொடர்பான காட்சிக்கூடங்கள் ஆகியவற்றைக் காணலாம். கிரீஷ் பார்க் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவு. பழைய சித்பூர் சாலை இன்று ரவீந்திர சரணி எனப்படுகிறது. அதிலிருந்து பிரியும் சந்தின் முடிவில் வீடு உள்ளது.

காண வருவோர் முதலில் முற்றத்தில் நின்று பூசை மண்டபத்தைப் பார்ப்பது நல்லது. வழிபாடு, நாடகம், மணம், மரணம் எல்லாம் அங்கே நடந்தன. பிறகு மாடியேறி அந்தர்மகால் அறைகளைக் காணும்போது, ஞானதானந்தினி கடந்த தொலைவு சில அடிகளே என்பது புரியும். அதனைக் கடக்க அவருக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. வளாகத்தை விட்டு வெளியேறும் முன், பைட்டக்கானா எங்கே இருந்தது என்று வழிகாட்டியிடம் கேட்டு அந்த இடத்தையும் பார்த்துவர வேண்டும். அங்கே இன்று பழைய வீட்டின் சுவடு இல்லை. திகம்பரியின் மறுப்பால் எழுந்து, ஜோக்மாயாவின் தெய்வத்தைக் காத்து, ஓவியர் மூவரை வளர்த்த அவ்வீட்டை இனி நூல்களிலும் ஓவியங்களிலும் மட்டுமே காணமுடியும்.